நனைந்த பந்தும் இளந்தலையும்

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், பெரிந்தல்மண்ணையில் நடந்த ஒரு செவன்ஸ் கால்பந்தாட்டத்தின் நடுவே ஆர். தனராஜன் மார்புவலியால் களத்தில் சாய்ந்தார். பாலக்காட்டைச் சேர்ந்தவர்; மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் எனக் கொல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடிய தற்காப்பாளர். வயது 39. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் உயிர் மீளவில்லை. அவருடைய குடும்பத்துக்கு நிதி திரட்டுவதற்காக 2020 ஜனவரி 19 அன்று பாலக்காடு நூரணியில் ஒரு காட்சி ஆட்டம் ஏற்பாடாயிற்று. ஐ. எம். விஜயனும் பைச்சுங் பூட்டியாவும் வந்திருந்தனர். ஆட்டம் தொடங்கவிருந்த வேளையில் தற்காலிகமாகக் கட்டப்பட்டிருந்த பார்வையாளர் மேடை சரிந்து பலர் காயமுற்றனர்.

மூன்று வார இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரு துயரங்களும் கேரளக் கால்பந்தின் நினைவில் நிலைத்துவிட்டன. இரண்டுக்கும் நாள் உண்டு, இடம் உண்டு, கண்டவர்கள் உண்டு. களத்தில் மருத்துவர் ஏன் இல்லை, இதயத்தை மீட்கும் கருவி ஏன் இல்லை, மேடையின் உறுதியைச் சோதித்தவர் யார் என்ற கேள்விகள் உடனே எழுந்தன. மூன்றாவது வகைக் கேடு ஒன்று அதே களங்களில் உண்டு. அதற்கு நாளும் இல்லை; கண்டவரும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பையன் உயரப் பந்தை நெற்றியால் மறுபடியும் மறுபடியும் முட்டுகிறான். ஒருநாள் இன்னொரு பையனின் தலையோடு மோதி விழுகிறான். தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றப்படுகிறது. கைதட்டலுக்கு நடுவே எழுந்து மீண்டும் ஓடுகிறான். அந்தக் கைதட்டலுக்குப் பின்னே மூளைக்குள் நடப்பதைப் பற்றிய அறிவு ஏறத்தாழ நூறாண்டுப் பழையது. அது குழந்தைகளின் களம்வரை வந்து சேர எடுத்துக்கொண்ட காலத்தின் வரலாறே இங்குப் பேசப்படுவது.

பந்து எப்படி மலையேறியது என்பதிலிருந்து தொடங்கலாம். 1877-இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்குப் பெற்றார். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவானது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள்சேர்த்துக்கொண்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் குடியேறின. ஸ்காட்லாந்துத் துரைமாரின் ஓய்வுநேர விளையாட்டு, காலப்போக்கில் தொழிலாளர் பிள்ளைகளின் விளையாட்டாயிற்று. 1940-களில் பின்லே ஷீல்டுப் போட்டி தொடங்கியபின், எஸ்டேட்டுக்கு எஸ்டேட் அணி கட்டிப் பழைய மூணாற்றின் மைதானத்தில் மோதுவது மலையின் ஆண்டுத் திருவிழாக்களுள் ஒன்றாகிவிட்டது. கொழுந்து பறிக்கும் தாயும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தகப்பனும் ஒரே அணியின் பெயரைச் சொல்லிக் கத்தும் திருவிழா.

பாலக்காட்டுப் பக்கம் கதை வேறு. 1956 மாநிலச் சீரமைப்புக்கு முன்பு பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. கொழிஞ்சாம்பாறையும் வேலந்தாவளமும் அடங்கிய சிற்றூர் தாலுகா கொச்சி அரசைச் சேர்ந்திருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் கையில். இன்று ஒரே கேரளத்தின் தமிழ் எல்லை என்று சொல்லப்படும் நிலம் அன்று மூன்று ஆட்சிகளின் ஓரம். பாலக்காட்டுக்குக் கால்பந்து தோட்டத்தின் வழியாக வரவில்லை. மலபாரின் வழியாக வந்தது. அறுவடை முடிந்த வயலில் மூங்கிலும் கமுகும் கொண்டு மேடை கட்டி, பக்கத்துக்கு ஏழு பேராக இரவு விளக்கில் ஆடும் செவன்ஸ் அதன் முழு வடிவம். களம் சிறிது. கோல்காப்பாளர் உதைக்கும் பந்து நேரே மறுமுனைக் கோல்வாய்வரை பறக்கும். அவ்வாறு பறந்து வரும் பந்தைத் தலையால் எதிர்கொள்பவனுக்கே அங்குப் பெயர்.

மலைக்கும் சமவெளிக்கும் பொதுவான ஒன்று, அந்தக் காலத்துப் பந்து. தோலால் தைக்கப்பட்டது, முன்பக்கம் வாரினால் கட்டப்பட்டது. 1937-இல் திருத்தப்பட்ட ஆட்டவிதி அதன் எடையை 14 முதல் 16 அவுன்ஸ் என வரையறுத்தது. கிராமில் ஏறத்தாழ 400 முதல் 450. இன்றைய பந்தின் எடையும் ஏறக்குறைய அதுவே. ஆனால் அந்த விதியில் ஒரு சொற்றொடர் உண்டு: ஆட்டம் தொடங்கும்போது உள்ள எடை. தென்மேற்குப் பருவமழையில் நனையும் மூணாற்றில் ஆட்டம் முடியும்போது அந்தப் பந்து என்ன எடை இருந்திருக்கும் என்பதை எந்த விதியும் கேட்கவில்லை. தோல் நீர் குடிக்கும். நனைந்த பந்தை முட்டினால் வாரின் முடிச்சு நெற்றியில் பதியும். வீரம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

தலையில் விழும் அடியின் விளைவு உடனே தெரியாது என்ற அறிவு இந்த நிலத்துக்குப் புதிதன்று. தென் திருவிதாங்கூரிலிருந்து பாலக்காடு வரை பரவியிருந்த அடிமுறை, களரி மரபுகளின் வர்ம நூல்கள் 12 படுவர்மங்களும் 96 தொடுவர்மங்களும் ஆக 108 என்று கணக்கிடுகின்றன. அவற்றுள் உச்சியும் நெற்றிப்பொட்டும் பிடரியும் மிகக் கொடிய இடங்களாகச் சொல்லப்படுகின்றன. இத்தனை நாழிகைக்குள் இளக்கு முறை செய்யாவிட்டால் ஆள் தேறமாட்டான் என்று காலக்கணக்கும் சேர்ந்தே வரும். அந்தக் கணக்குகளை இன்றைய மருத்துவத்தோடு ஒன்றுக்கொன்று பொருத்திக் காட்டுவது வீண் வேலை. பலர் செய்கிறார்கள், பயனில்லை. கவனிக்க வேண்டியது அதன் ஒழுங்குமுறையை. தலை வர்மங்களை ஆசான் தகுதியறிந்தே சொல்லிக்கொடுப்பார். பயிற்சியில் அந்த இடங்களைத் தொடக்கூடாது என்பது களரியின் ஒழுக்கம். அடிக்கக் கற்றுக்கொடுக்கும் கலையே, எதை அடித்துப் பழகக்கூடாது என்பதையும் சேர்த்து வைத்திருந்தது. வந்தேறிய விளையாட்டுகளோடு அத்தகைய ஒழுக்கம் எதுவும் கூட வரவில்லை.

மேலைநாட்டு மருத்துவத்தில் இந்தக் கேடு முதலில் எழுதப்பட்டது 1928-இல். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் நெவார்க் நகரை உள்ளடக்கிய மாவட்டத்தின் அரசு உடற்கூற்று மருத்துவர் ஹாரிசன் மார்ட்லாண்ட், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நடை தள்ளாடுகிறது, பேச்சுக் குழறுகிறது, கை நடுங்குகிறது, மனம் மந்தமாகிறது. குடிக்காமலே குடித்தவன் போல் ஆகிறான். ரசிகர்கள் இவர்களுக்கு வைத்திருந்த கேலிப்பெயரையே அவர் தலைப்பாக்கினார். சண்டைகளை நடத்தும் ஒருவர் அவருக்கு இப்படிப்பட்ட 23 பேரின் பட்டியலைத் தந்தார். அதாவது மருத்துவர் கண்டுபிடிக்கும் முன்பே அந்தத் தொழிலில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அக்கட்டுரையின் ஒரு குறிப்பு இன்றைக்கும் முக்கியமானது. பெரும் வீரர்களைவிட, அடியைத் தாங்கி நின்றே சண்டையிடும் இரண்டாந்தரக்காரர்களும், பிறர் பயிற்சிக்காக நாள்தோறும் அடிவாங்கும் கூலி எதிராளிகளும்தான் அதிகம் கெட்டுப்போகிறார்கள் என்றார் அவர். கேடு மேடையில் அல்லாமல் பயிற்சிக் கூடத்தில் சேர்கிறது என்பதற்கான முதல் தடயம் அது.

இதே மார்ட்லாண்ட்தான், கடிகார முகங்களுக்கு ரேடியம் பூசிய இளம் தொழிலாளிப் பெண்களின் தாடை எலும்பு ஏன் அழுகுகிறது என்பதை 1925-இல் விளக்கியவர். தொழிலால் வரும் நோயைப் பார்த்துப் பழகிய கண் அவருடையது.

பின்வந்த அரைநூற்றாண்டில் பெயர்கள் மாறின. 1937-இல் குத்துச்சண்டைக்காரரின் மனச்சிதைவு என்று பொருள்படும் லத்தீன் பெயரும், 1949-இல் நாட்பட்ட அதிர்ச்சி மூளைநோய் என்ற பெயரும் வழக்குக்கு வந்தன. 1973-இல் கார்சலிஸ் குழுவினர் ஓய்வுபெற்ற 15 குத்துச்சண்டை வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து, சிதைவின் வடிவத்தைத் தெளிவாக வரைந்து காட்டினர். ஆயினும் அது குத்துச்சண்டையின் நோய் என்றே கருதப்பட்டது. மற்ற விளையாட்டுகள் தங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று இருந்துவிட்டன.

தமிழர் நினைவில் இந்த நோய் ஒரே ஒருமுறை அருகே வந்து போனது. 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிச் சண்டை, முதலமைச்சர் எம்.ஜி.ஆர். முன்னிலை. வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகள் அந்த வருகையை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள், 1984-இல், அலிக்கு பார்க்கின்சன் நோய்க்குறிகள் இருப்பது அறிவிக்கப்பட்டது. அதில் குத்துகளின் பங்கு எவ்வளவு என்பதில் மருத்துவர்கள் ஒருமனப்படவில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சுடரை ஏற்றிய அந்த நடுங்கும் கையைத் தொலைக்காட்சியில் கண்டு கலங்கியவர்கள் தமிழகத்திலும் பலர். அந்த நடுக்கத்தை உள்ளூர்ப் பயிற்சிக் கூடத்துப் பிள்ளைகளோடு இணைத்துப் பேசும் மரபு மட்டும் உருவாகவில்லை.

கால்பந்துக்கு அந்த இணைப்பைச் செய்தது ஒரு மரண விசாரணை. ஜெஃப் ஆஸ்டில், வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கழகத்தின் முன்னணி ஆட்டக்காரர். தலையால் கோல் போடுவதில் பேர்பெற்றவர். 2002 ஜனவரியில் 59 வயதில் இறந்தபோது அவருக்குத் தன் பிள்ளைகளையே அடையாளம் தெரியாத நிலை. அவ்வாண்டு நவம்பரில் நடந்த விசாரணையில் மரண விசாரணை அதிகாரி தந்த முடிவு இரண்டே சொற்கள்: தொழில்சார் நோய். பஞ்சாலையின் தூசும் சுரங்கத்தின் கரியும் நுரையீரலுக்குச் செய்ததைப் பந்து மூளைக்குச் செய்தது என்பதே அதன் பொருள். தோட்டத் தொழிலாளர் மலையில் இந்தச் சொற்களின் கனம் எளிதில் விளங்கும். ஆனால் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அப்போது வாக்களித்த நீண்ட ஆய்வு முடிவின்றிக் கைவிடப்பட்டது. 2014-இல் கிளாஸ்கோ நரம்பு நோயியலாளர் வில்லி ஸ்டூவர்ட் அதே மூளையை மறுபடி ஆராய்ந்து, குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்பட்ட அதே சிதைவு என்று அறிவித்தார்.

இடையே அமெரிக்காவில் வேறொரு கதவு திறந்திருந்தது. நைஜீரியாவில் பிறந்த பென்னட் ஒமாலு, 2002-இல் பிட்ஸ்பர்க்கில் மைக் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரின் மூளையில் இந்நோயைக் கண்டார். 2005-இல் அவர் அதை வெளியிட்டபோது, போட்டியமைப்பின் மருத்துவக் குழுவினர் கட்டுரையைத் திரும்பப் பெறும்படி எழுதினர். பணம் புழங்கும் எந்தத் தொழிலும் தன் நோயை முதலில் மறுக்கும்.

மறுக்க முடியாத எண்கள் 2019 அக்டோபரில் வந்தன. ஸ்டூவர்ட் குழுவினர் 7,676 முன்னாள் ஸ்காட்லாந்துத் தொழில்முறை வீரர்களின் இறப்புப் பதிவுகளை, வயதிலும் வசதியிலும் அவர்களை ஒத்த 23,028 பொதுமக்களின் பதிவுகளோடு ஒப்பிட்டனர். மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறந்தவர்கள் வீரர்களில் 1.7 விழுக்காடு, பொதுமக்களில் 0.5 விழுக்காடு, வயதைக் கணக்கிட்டால் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. 2021-இல் வந்த தொடர் ஆய்வு இன்னும் கூர்மையானது: தலையால் அதிகம் முட்டும் தற்காப்பாளர்களிடம் ஏறத்தாழ ஐந்து மடங்கு, கையால் பிடிக்கும் கோல்காப்பாளர்களிடம் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. ஆடிய ஆண்டுகள் கூடக்கூட ஆபத்தும் கூடியது. நனைந்த தோல்பந்தின் காலத்தோடு இது முடிந்துவிட்டது என்று ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. இன்றைய செயற்கைப் பந்து நீர் குடிப்பதில்லை. ஆனால் வேகமாக வருகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே ஸ்காட்லாந்து ஆய்வில், எழுபது வயதுவரை வீரர்களின் இறப்பு விகிதம் பொதுமக்களைவிடக் குறைவு; இதயநோயும் நுரையீரல் புற்றும் அவர்களிடம் குறைவு. ஆட்டம் உடலைக் காத்திருக்கிறது. 2023-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், முப்பது வயதுக்குள் இறந்த 152 மோதல் விளையாட்டு வீரர்களின் மூளைகளில் 63-இல் இந்நோயின் தொடக்கத்தைக் கண்டதாக வெளியிட்டபோது, அது பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆனால் அவை குடும்பத்தார் ஐயம் கொண்டு தாமே கொடையளித்த மூளைகள். அந்த விகிதத்தை எல்லா இளைஞர்களுக்கும் பொருத்துவது பிழை. அதிலிருந்து உறுதியாகக் கொள்ளத்தக்கது ஒன்றே: இந்நோய் முதுமைக்காகக் காத்திருப்பதில்லை, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு மட்டும் உரியதும் அன்று.

மண்டையோடு உடையாமல் மூளை எப்படிக் கெடும் என்பது பலருக்கும் விளங்காத இடம். தலையில் சுமந்து வரும் குடம் ஒரு கல்லில் இடித்தால், குடம் உடையாமலேயே உள்ளிருக்கும் தயிர் கலங்கிவிடும். மூளை மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கும் மென்பொருள். தலை திடீரென்று திரும்பும்போது அது பின்தங்கிச் சுழல்கிறது. உள்ளே ஓடும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. தலைக்கவசம் எலும்பைக் காக்கும். இந்தச் சுழற்சியைத் தடுக்காது. மயக்கம் வரவேண்டும் என்பதும் இல்லை. மயக்கமோ வலியோ தராத சிற்றடிகளே ஆயிரக்கணக்கில் சேர்கின்றன. குழந்தையின் உடலுக்கு அதன் தலை பெரிது, கழுத்துத் தசை மெலிது. நரம்பிழைகளின் மேலுறையும் முழுமை பெறவில்லை. பெரியவர் கழுத்தை இறுக்கி வாங்கும் அதே பந்து, பத்து வயதுத் தலையை உலுக்கிவிடும்.

சட்டங்கள் பிறந்தது இப்படியொரு பிள்ளையிடமிருந்து. 2006-இல் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயது ஸாக்கரி லிஸ்டெட், தலையில் அடிபட்ட அதே ஆட்டத்தில் மீண்டும் இறக்கப்பட்டு, ஆட்டம் முடிந்ததும் சரிந்தான். மூளையில் கசிவு; பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து மெல்ல மீண்டான். 2009-இல் அவன் பெயரால் வந்த சட்டத்தின் சாரம் எளிது: மூளையதிர்ச்சி என்ற ஐயம் எழுந்த சிறுவர் அன்று மீண்டும் ஆடக்கூடாது, மருத்துவர் எழுதித் தராமல் களத்துக்குத் திரும்பவும் கூடாது. 2014-க்குள் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களும் இவ்வகைச் சட்டத்தை ஏற்றன. 2015-இல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பந்தைத் தலையால் முட்டுவதைத் தடைசெய்தது. 11 முதல் 13 வயதினருக்குப் பயிற்சியில் அளவு வைத்தது. பெற்றோர் வழக்குத் தொடுத்தபின் நடந்தது அது. 2020 பிப்ரவரியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துச் சங்கங்கள் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து தலைமுட்டை நீக்கின. 2024 முதல் இங்கிலாந்தில் ஏழு வயது முதல் பதினொரு வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களிலும் அது படிப்படியாக விலக்கப்படுகிறது. 1928-லிருந்து எண்ணினால் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல்.

இவ்விதிகள் ஆட்டத்தைவிடப் பயிற்சியையே முதலில் குறிவைத்தது தற்செயல் அன்று. ஓர் ஆட்டத்தில் ஒரு சிறுவன் சில முறைதான் முட்டுவான். பயிற்சியில் பயிற்சியாளர் வரிசையில் நிறுத்தி, ஒருவர் தூக்கிப்போட ஒருவர் முட்ட, ஒரே மாலையில் ஐம்பது அறுபது ஆகிவிடும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் நடந்த அளவீடு ஒன்று தலையடிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பயிற்சியில்தான் விழுகின்றன என்று காட்டியது. மார்ட்லாண்டின் கூலி எதிராளிகள் சொன்னதும் இதையே.

இந்தியாவின் பள்ளிக் களங்களுக்கு அத்தகைய சட்டம் இன்னும் வரவில்லை. கேரளத்தின் எல்லை மலைகளில் சட்டமில்லாமை மட்டுமே இடர் அன்று. தோட்டத்துப் பிள்ளைக்குக் கால்பந்து பொழுதுபோக்காக மட்டும் இருப்பதில்லை. பள்ளி விளையாட்டில் மாவட்ட, மாநில அளவில் தேறினால் தேர்வில் கருணை மதிப்பெண். தொடர்ந்து ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம். அதற்கும் மேலே போலீஸ், மின்வாரியம் என ஒரு வேலை. கொழுந்துக்கூடையை முதுகிலிருந்து இறக்கிவைக்கும் வழிகளுள் அது ஒன்று. நாளை தேர்வு என்னும்போது இன்று தலை கிறுகிறுக்கிறது என்று சொல்வான் எவன்? அடிபட்டதை மறைப்பதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. பிள்ளை கணக்குப் போட்டுத்தான் மறைக்கிறான். ஆகவே ஓய்வில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைக்குத் தேர்வில் மறுவாய்ப்பு உண்டு என்று விதி எழுதாதவரை, வேறெந்த விதி எழுதினாலும் அவன் வாய் திறக்கப்போவதில்லை.

தூரம் இரண்டாவது இடர். மூணாற்றிலிருந்து கொச்சி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கீழே தேனிக்கும் மதுரைக்கும் போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். 1998 பிப்ரவரியில் டாக்காவில் இந்தியக் கிரிக்கெட் வீரர் ராமன் லாம்பா, தலைக்கவசம் இல்லாமல் மட்டையாளருக்கு மிக அருகே நின்று பந்தடி பட்டபோது தானே நடந்து வெளியேறினார். சற்று நேரத்தில் நிலை மோசமானது, மூளைக்குள் இரத்தக்கசிவு, மூன்றாம் நாள் இறந்தார். நடந்து வந்தான், பேசினான், ஆகவே ஒன்றுமில்லை என்ற முடிவு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அது ஒன்றே போதும். வாலையாறு கடந்தால் கோவை என்றிருக்கும் பாலக்காட்டுக்காரருக்கு அந்தச் சற்றுநேரம் போதலாம். வட்டவடையிலோ பூப்பாறையிலோ போதாது. தலைவலி கூடுவது, மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கை அல்லது கால் தளர்வது, வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் வண்டி அப்போதே கிளம்ப வேண்டும். லயத்து வீட்டில் படுக்கவைத்துக் காலையில் பார்க்கலாம் என்பது அங்கே மரண முடிவு ஆகலாம்.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் புரட்டினால் ஒரு விந்தை தென்படும். சுகாதாரம் பற்றிய மூன்றாம் அத்தியாயம், தோட்ட நிர்வாகம் தொழிலாளருக்கும் அவர்தம் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி தரவேண்டும் என்றது. நலன் பற்றிய நான்காம் அத்தியாயம், தொழிலாளருக்கும் அவர்தம் குழந்தைகளுக்கும் விளையாட்டு, பொழுதுபோக்கு வசதி தரவேண்டும் என்றது. பந்தையும் மருத்துவமனையையும் ஒரே சட்டம் தந்தது; இரண்டையும் தனித்தனி அத்தியாயத்தில் வைத்தது. மைதானத்தின் கணக்கும் மருந்தகத்தின் கணக்கும் வெவ்வேறு பேரேடுகளில் எழுதப்பட்டன. களத்தில் தலை மோதிய பிள்ளையை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்பதற்கு இடமே இல்லை. எழுதப்படாததால் எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லாததால் அப்படியொன்று நடப்பதே இல்லை என்று ஆகிவிடுகிறது.

மூன்றாவது இடர், எல்லைக்கே உரியது: மொழி. மூளையதிர்ச்சியை எக்ஸ்ரே காட்டாது. சாதாரண ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரியாது. கேள்வி கேட்டுத்தான் கண்டறிய வேண்டும். 1995-இல் ஆஸ்திரேலியாவின் மேடக்ஸ் குழுவினர் ஒரு நுட்பமான உண்மையைக் காட்டினர். உன் பெயர் என்ன, பிறந்த நாள் எது என்பவற்றுக்கு அதிர்ச்சி கண்டவனும் சரியாகப் பதில் சொல்லிவிடுவான். அண்மை நினைவுதான் அறுபடும். இது எந்த மைதானம், இப்போது எந்தப் பாதி, கடைசியாகக் கோல் போட்டது யார், போன ஆட்டத்தில் எதிர்த்து ஆடியது யாரோடு என்று கேட்டால்தான் தடுமாற்றம் வெளிப்படும். பதிலைப் போலவே பதில் வரும் வேகமும் அடையாளம்.

மறையூரிலிருந்தோ எருத்தேம்பதியிலிருந்தோ வந்த தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளையிடம் நடுவர் மலையாளத்தில் கேட்கிறார் என்று கொள்வோம். பிள்ளை தயங்குகிறான். மொழிக்காகத் தயங்குகிறானா, அடிக்காகவா? சங்கடப்பட்ட நடுவர் தலையை ஆட்டிவிட்டு விளையாடச் சொல்லலாம். பிள்ளையும் புரிந்த ஒரே சொல்லான ‘ஓக்கே’யைச் சொல்லிவிட்டு ஓடலாம். பல நாடுகளின் வல்லுநர்கள் 2001 வியன்னா முதல் 2022 ஆம்ஸ்டர்டாம் வரை ஆறு மாநாடுகள் கூடி வகுத்த நெறிமுறைகள் அந்த ஒரு கணத்தில் பொருளிழந்துவிடும்.

இதற்கு வேண்டியது செலவில்லாத ஏற்பாடு. அணியோடு வரும் பி.டி. ஆசிரியரோ, அவர் இல்லாவிடில் உடன் வந்த அண்ணன் ஒருவரோ, பிள்ளையின் பேச்சு நாளும் எப்படி இருக்கும் என்று அறிந்தவர், எல்லைக்கோட்டருகே நிற்க வேண்டும். ஐயம் எழுந்தால் ஆளை வெளியே எடுக்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். நடுவரோ, அணித்தலைவனோ, மேடையிலிருந்து கத்தும் தகப்பனோ அதை மறுக்க இயலாது. சிறுவர்க்கு ஐந்தாம் எண் பந்தைத் தராமல் நான்காம் எண்ணோ மூன்றாம் எண்ணோ தரவேண்டும். பன்னிரண்டுக்கு உட்பட்டோரின் பயிற்சியில் உயரப் பந்து வேண்டாம்; தரைப்பந்தும் கடத்தலும் போதும். சிறிய செவன்ஸ் களத்தில் உயரப் பந்தின் ஆட்சிக்குப் பழகியவர்களுக்கு இது கசக்கும். ஆனால் காலடி நுட்பத்துக்குப் பேர்போன விஜயனை வளர்த்ததும் இதே கேரளத்து மண்தான்.

மேடக்ஸ் கேள்விகளுக்குக் குழந்தைகளுக்கான வடிவமும் உண்டு. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் கோல் கணக்கைக் கேட்பதில்லை. இப்போது எங்கே இருக்கிறோம்? மதியச் சாப்பாடு ஆயிற்றா, இனிமேல்தானா? கடைசியாக நடந்த வகுப்பு எது? உன் டீச்சர் பெயர் என்ன? இந்நான்கும் ஒரு துண்டுத்தாளில் அடங்கும். விசில் கட்டிய கயிற்றிலேயே அதைக் கோத்துக்கொள்ளலாம். நான்குக்கும் சரியாகப் பதில் சொன்னால் ஆபத்து இல்லை என்று பொருளாகாது. ஒன்றில் தடுமாறினாலும் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஓய்வு, பின் பள்ளி, அதன் பின் மெல்லிய ஓட்டம், மருத்துவர் பார்த்த பிறகே பந்து.